அஞ்சியோகிராம் செய்தால் அப்பாவின் சிறுநீரகம் போய்விடுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 67 வயது, பல வருடமாகச் சலரோகம், பிரஷரும் உண்டு. படி ஏறினால் நெஞ்சு இறுகுகிறது, நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடுகிறது. ட்ரெட்மில் ஈ.சீ.ஜி.யில் மாற்றம் தெரிந்ததால் இதய நிபுணர் அஞ்சியோகிராம், அதாவது இதயக் குழாய்களுக்குள் டை என்ற சாயத்தை ஏற்றி எக்ஸ்ரே படம் எடுக்கும் பரிசோதனை, செய்யச் சொல்லியிருக்கிறார். சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் இரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் 1.6. டொரொன்டோவில் இருக்கும் சித்தப்பா, "அந்த டையை ஏற்றினால் கிட்னி போச்சு, அடுத்தது டயலிசிஸ்தான்" என்று வட்ஸ்அப்பில் கட்டுரை கட்டுரையாக அனுப்புகிறாராம். முதல் நாளே என்.ஏ.சி குளிசை கொடுத்தால் பயமில்லை என்கிறார் மாமி. அப்பாவுக்கு இறால் சாப்பிட்டால் உடம்பு தடிக்கும், ஆகவே டையும் ஒத்துக்கொள்ளாது என்கிறார் அம்மா. இதில் எதை நம்புவது, என்ன செய்வது என்பது கேள்வி.

சித்தப்பா சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அவர் சொல்லும் அளவில் இல்லை. மாமியின் குளிசை இந்த வேலைக்கு உதவாது. இறாலுக்கும் டைக்கும் சம்பந்தமே இல்லை. இவற்றையெல்லாம் விட முக்கியமான கேள்வி ஒன்றை உங்கள் வீட்டில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை: இந்த அஞ்சியோகிராமால் அப்பாவுக்குக் கிடைக்கப்போவது என்ன? நான் பொது மருத்துவப் பிரிவில் வேலை செய்பவன், இதய நிபுணன் அல்ல. ஆய்வுகளை வாசித்து அவை எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி, அந்த வகையில்தான் இந்தப் பதில். அப்பாவை நேரில் பார்க்கும் டொக்டரின் இடத்தை இது எடுத்துக்கொள்ளாது.

முதலில் அந்த 1.6. கிரியேட்டினினை மட்டும் வைத்துக்கொண்டு பயப்படவும் முடியாது, நிம்மதியாக இருக்கவும் முடியாது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற கணக்காக மாற்ற வேண்டும். 2021-இல் வந்த சூத்திரத்தில் போட்டால் 67 வயது ஆணுக்கு 1.6 என்பது ஏறக்குறைய 47. அதே 1.6 ஒரு 80 வயது அம்மாவுக்கு இருந்தால் 32 அளவுக்கு இறங்கிவிடும். 30-க்குக் கீழே போனவர்களின் கதை வேறு, 60-க்கு மேலே உள்ளவர்களின் கதை வேறு. அப்பா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார், சலரோகமும் கூட. இந்த 47-ஐ எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் தேவைப்படும். நம் ஊர் லாப்களில் சிலது ரிப்போர்ட்டிலேயே ஈ.ஜி.எஃப்.ஆரைப் போட்டுத் தருகின்றன. இல்லையென்றால் டொக்டரிடமே கணக்கிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

சரி, டை சிறுநீரகத்தைக் கெடுக்குமா? இந்தப் பயம் அரை நூற்றாண்டுக்கு மேல் பழையது, காரணமில்லாமலும் வரவில்லை. அந்தக் காலத்து டைகள் இரத்தத்தைவிடப் பல மடங்கு செறிவானவை. இப்போது பயன்படுத்துபவை அப்படியல்ல. ஆனால் பயம் மட்டும் பழைய அளவிலேயே தங்கிவிட்டது. அதற்குப் பெரிய காரணம், இந்தப் பாதிப்பை எண்ணிய முறை. டை ஏற்றி 48 முதல் 72 மணி நேரத்துக்குள் கிரியேட்டினின் 25 சதவீதமோ 0.5 புள்ளியோ ஏறினால் "டையால் வந்த பாதிப்பு" என்று பல ஆய்வுகள் குறித்துக்கொண்டன. டை ஏற்றாமலே அதே வாட்டில் படுத்திருந்தவர்களுக்கு கிரியேட்டினின் எப்படி ஏறி இறங்கியது என்று பெரும்பாலானோர் பார்க்கவில்லை.

2008-இல் அமெரிக்காவில் ஒரு குழு அதைப் பார்த்தது. டை ஏற்றப்படாத, ஐந்து நாள் தொடர்ந்து கிரியேட்டினின் பார்க்கப்பட்ட 11,588 நோயாளிகளின் பதிவுகளை எடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு அது 25 சதவீதமோ அதற்கு மேலோ மாறியிருந்தது. ஒரு சொட்டு டை இல்லாமல்! காய்ச்சல், வாந்தி, இரத்த அழுத்தம் விழுவது, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள், இதயமே சரியாக வேலை செய்யாமல் இருப்பது என்று வாட்டில் கிடப்பவருக்குச் சிறுநீரகம் தடுமாற ஆயிரம் காரணங்கள் இருக்கின்றன. அந்த நேரத்தில் ஒரு ஸ்கேனும் எடுத்திருந்தால் பழி டையின் தலையில் விழும்.

அதற்குப் பிறகு 2013, 2014 அளவில் மேயோ கிளினிக்கில், டையுடன் சி.டி எடுத்தவர்களையும் டை இல்லாமல் எடுத்தவர்களையும் வயது, நோய், சிறுநீரக நிலை என்று ஒத்தவர்களாகச் சோடி சேர்த்து ஒப்பிட்டார்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்ட வீதத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மிச்சிகனில் அதே மாதிரி பார்த்த இன்னொரு குழுவுக்கு, ஈ.ஜி.எஃப்.ஆர் 30-க்குக் கீழே உள்ளவர்களில் டையின் பாதிப்பு தெரிந்தது. இவற்றையெல்லாம் வைத்துத்தான் 2020-இல் அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரியும் தேசியச் சிறுநீரக நிறுவனமும் சேர்ந்து, நாளத்தில் (சிரையில்) ஏற்றும் டையின் ஆபத்து முன்பு மிகைப்படுத்தப்பட்டது, முக்கியமாகக் கவனிக்க வேண்டியவர்கள் 30-க்குக் கீழே இருப்பவர்களே என்று சொன்னார்கள். இந்தச் சோடி சேர்க்கும் ஆய்வுகளுக்கும் ஒரு பலவீனம் உண்டு. டொக்டர் பயந்து டையைத் தவிர்த்த நோயாளி ஏற்கெனவே மோசமான நிலையில் இருந்திருக்கலாம். எழுத்தில் இல்லாத அந்தப் பயத்தை எந்தக் கணக்காலும் சரிக்கட்ட முடியாது. அதனால் "டை முழுக்கப் பாதுகாப்பானது" என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. மேலே சொன்னவை கையில் நாளத்தில் ஏற்றி எடுக்கும் சி.டி பற்றியவை. அப்பாவுக்குச் செய்யப்போவது நாடி (தமனி) வழியாக. கதீட்டர் என்ற மெல்லிய குழாய் பெருநாடிக்குள் போகிறது, டையின் ஒரு பகுதி அதிகம் ஐதாகாமலே சிறுநீரகத்துக்கு வந்து சேரலாம். அது போக, கதீட்டர் உரசிப் பெருநாடிச் சுவரில் படிந்த கொழுப்புத் துணுக்குகள் உடைந்து சிறுநீரகத்தின் சிறு குழாய்களில் போய் அடைக்கவும் வாய்ப்பு உண்டு. இது அபூர்வம், ஆனால் டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே சி.டி ஆய்வுகளைக் காட்டி "அஞ்சியோகிராமும் ஒன்றும் செய்யாது" என்று சொல்வது அவசரம். சித்தப்பாவுக்கு நான் விட்டுக்கொடுக்கும் இடம் இதுதான்.

அப்படியென்றால் அப்பா போன்றவர்களுக்கு, நாடி வழியாகவே செய்தபோது என்ன நடந்தது? இதற்கு அதிர்ஷ்டவசமாக ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. பிரிசர்வ் என்று பெயர், 2018-இல் நியூ இங்கிலண்ட் மருத்துவ இதழில் வந்தது. அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா ஆகிய நாடுகளில் அஞ்சியோகிராம் செய்த 4,993 பேரின் கணக்கு. யாரைச் சேர்த்தார்கள் என்பதைப் பாருங்கள்: ஈ.ஜி.எஃப்.ஆர் 15-க்கும் 45-க்கும் இடையில் உள்ளவர்கள், அல்லது 45-க்கும் 60-க்கும் இடையில் இருந்து சலரோகமும் உள்ளவர்கள். அப்பாவின் 47 சரியாக இரண்டாவது கூட்டத்தில் விழுகிறது. 90 நாளுக்குள் இறந்தவர்கள், டயலிசிஸ் தேவைப்பட்டவர்கள், கிரியேட்டினின் 50 சதவீதம் ஏறி இறங்காமலே நின்றவர்கள் எல்லோரையும் சேர்த்தால் 100 பேரில் நாலரைப் பேர் அளவு. டயலிசிஸ் மட்டும் என்றால் 100-க்கு ஒருவரைச் சற்றுத் தாண்டும். அவர்களிலும் அப்பாவைவிடச் சிறுநீரகம் மிக மோசமானவர்கள் பலர்.

இந்த ஆய்வில் அஞ்சியோகிராம் செய்யாத ஒரு கூட்டம் இல்லை. ஆகவே அந்த ஒன்று சொச்சம் பேரும் டையால்தான் டயலிசிஸுக்குப் போனார்கள் என்று சொல்ல முடியாது. இதயமும் சிறுநீரகமும் சேர்ந்து பழுதானவர்களில் சிலர் எதுவும் செய்யாமலே மூன்று மாதத்தில் அங்கே போய்ச் சேர்ந்திருப்பார்கள். அந்த எண்ணை அதிகபட்ச வரம்பு என்று எடுத்துக்கொள்ளலாம். "அடுத்தது டயலிசிஸ்தான்" என்ற பேச்சுக்கு நேரான பதில் அதுதான்.

மாமியின் குளிசைக் கதைக்கும் அதே ஆய்வுதான் முற்றுப்புள்ளி வைத்தது. ஆனால் அந்தக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், ஏனென்றால் மருத்துவத்தில் ஒரு பழக்கம் எப்படி வேர்விடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. என்.ஏ.சி என்பது அசிடைல்சிஸ்டீன். கந்தகம் உள்ள மருந்து, போத்தலைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். பெனடோலை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டு வாட்டுக்கு வருபவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து, அதில் ஐயமே இல்லை. 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் 83 பேரை வைத்து ஒரு சிறு ஆய்வு செய்தார்கள். டை ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் என்.ஏ.சி எடுத்த 41 பேரில் ஒருவருக்குத்தான் கிரியேட்டினின் ஏறியது, எடுக்காத 42 பேரில் ஒன்பது பேருக்கு ஏறியது. இரண்டு சதவீதம் எதிர் இருபத்தொரு சதவீதம். மருந்தோ மலிவு, பக்க விளைவும் பெரிதாக இல்லை. யார்தான் எழுத மாட்டார்கள்? சில வருடத்திலேயே உலகமெங்கும் அஞ்சியோகிராமுக்கு முதல் நாள் என்.ஏ.சி என்பது சடங்காகிவிட்டது. கொழும்பும் விலக்கல்ல.

ஒன்பது எதிர் ஒன்று என்பது எவ்வளவு மெல்லிய கயிறு என்று பாருங்கள். அந்த ஒன்பதில் மூன்று பேருக்கு வேறு காரணத்தால் கிரியேட்டினின் ஏறியிருந்தால், இந்தப் பக்கம் இரண்டு பேருக்குக் கூடுதலாக ஏறியிருந்தால், முடிவே கரைந்துவிடும். மேலே சொன்னபடி கிரியேட்டினின் தன்பாட்டில் ஏறி இறங்குவது சர்வசாதாரணம். போதாக்குறைக்கு, 2004-இல் டை எதுவும் ஏற்றாமல் ஆரோக்கியமானவர்களுக்கு என்.ஏ.சி கொடுத்துப் பார்த்தார்கள். கிரியேட்டினின் சற்று இறங்கியது. சிறுநீரகத்தை இன்னொரு வழியில் அளக்கும் சிஸ்டாட்டின் சி மாறவே இல்லை. அதாவது சிறுநீரகம் அப்படியே இருக்க, அளவுகோல்தான் அசைந்திருக்கலாம்.

அந்த 83 பேருக்குப் பிறகு சிறு ஆய்வுகள் வரிசையாக வந்தன, சிலது ஆம் என்றன, சிலது இல்லை என்றன. அவற்றையெல்லாம் திரட்டிச் செய்த தொகுப்பாய்வுகளும் ஒன்றுக்கொன்று முரணாக வந்தன. கலங்கிய தண்ணீரைப் பத்து வாளி சேர்த்து ஊற்றினால் தொட்டி நிறையும், தெளியாது. 2011-இல் பிரேசிலில் 2,308 பேரை வைத்துச் செய்த ஆய்வில் குளிசை எடுத்தவர்களிலும் வெற்றுக் குளிசை எடுத்தவர்களிலும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது சரியாக ஒரே அளவு, இரண்டு பக்கமும் 12.7 சதவீதம். கடைசியில் பிரிசர்வ்: நான் சொன்ன அந்தக் கூட்டுக் கணக்கு என்.ஏ.சி பக்கம் 4.6, வெற்றுக் குளிசைப் பக்கம் 4.5. அத்தோடு கதை முடிந்தது. இருந்தும் மருந்துத் துண்டில் என்.ஏ.சி இன்றைக்கும் தலை காட்டுகிறது. டொக்டர் எழுதினால் சண்டைக்குப் போகாதீர்கள், அதனால் கெடுதல் வராது. அதை விழுங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் கீழே சொல்லப்போகும் உண்மையான வேலைகளை விட்டுவிடுவதுதான் கெடுதல்.

சேலைன் பற்றியும் ஒரு வார்த்தை. "முதல் நாளே படுக்கவைத்து ராத்திரி முழுக்கச் சேலைன் ஏற்றினால் நல்லது" என்று பலர் நினைக்கிறார்கள். நெதர்லாந்தில் 2017-இல் ஈ.ஜி.எஃப்.ஆர் 30-க்கும் 60-க்கும் இடையில் உள்ள 660 பேரில் பாதிப் பேருக்குச் சேலைன் ஏற்றினார்கள், பாதிப் பேருக்கு ஏற்றவில்லை. சிறுநீரகப் பாதிப்பு ஒரு பக்கம் 2.7, மறுபக்கம் 2.6 சதவீதம். ஆனால் சேலைன் ஏற்றியவர்களில் 5.5 சதவீதம் பேருக்கு அந்தச் சேலைனாலேயே தொல்லை வந்தது, மூச்சுத் திணறல் உட்பட. இது ஒரே வைத்தியசாலையில் நடந்த, திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டாமல் நின்றுவிட்ட ஆய்வு என்பதால் இதை வைத்துச் சேலைனையே தூக்கி எறிய மாட்டேன். இன்னொரு ஆய்வில் இதயத்துக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்து அதற்கேற்பச் சேலைன் கொடுத்தபோது பலன் தெரிந்தது. ஆகவே அப்பாவின் இதயம் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் சேலைனை முடிவு செய்ய வேண்டும். பிரிசர்வில் சேலைனுக்குப் பதில் சோடியம் பைகார்பனேட்டும் போட்டுப் பார்த்தார்கள், வித்தியாசமில்லை.

இறால் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இறால், நண்டு ஒவ்வாமைக்குக் காரணம் அவற்றின் தசையில் உள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதம். டையில் அயடின் இருக்கிறது, கடலுணவிலும் அயடின் இருக்கிறது, ஆகவே இரண்டும் ஒன்று என்று யாரோ போட்ட முடிச்சு இன்னும் அவிழவில்லை. அயடின் ஒத்துக்கொள்ளாது என்றால் அப்பா சோறே சாப்பிட்டிருக்க முடியாது: இலங்கையில் 1995 முதல் சமையல் உப்பில் அயடின் கட்டாயம். இறாலைப் பற்றி டொக்டரிடம் சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் அவர் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது, முன்பு எப்போதாவது டை ஏற்றியபோது தடிப்போ மூச்சிறைப்போ வந்ததா, ஆஸ்துமா இருக்கிறதா என்பதுதான். ஜப்பானில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட ஊசிகளைக் கணக்கெடுத்து 1990-இல் வெளியிட்ட ஆய்வில், இப்போதைய வகை டைக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தது 10,000-க்கு நாலு பேருக்கு.

இனி அந்தக் கேட்கப்படாத கேள்வி. செய்தால் வரும் ஆபத்தை மட்டும் எடை போட்டு முடிவெடுக்க முடியாது; செய்யாவிட்டால் வரும் ஆபத்து மறுதட்டில் இருக்க வேண்டும். அந்த மறுதட்டு ஆளுக்கு ஆள் மாறும். மாரடைப்பு வந்து, அல்லது ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சு வலித்து, இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோப்போனின் ஏறி வாட்டில் இருப்பவர் என்றால் அடைப்பைத் திறப்பதில் கிடைக்கும் லாபம் பெரிது. அங்கே கிரியேட்டினின் 1.6 என்பதற்காகப் பின்வாங்குவது பெரும்பாலும் தவறு. சிறுநீரக நோயாளிகளுக்கு மாரடைப்பு வந்தபோது, டை பயத்தால் அஞ்சியோகிராம் குறைவாகவே செய்யப்பட்டிருக்கிறது என்று அமெரிக்க மெடிகேர் பதிவுகளை வைத்து 2004-இலேயே எழுதினார்கள். நம் ஊரிலும் அந்தப் பயத்துக்குப் பஞ்சமில்லை. 1990கள் முதல் வட மத்திய மாகாணத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோயைப் பார்த்து வளர்ந்த நாடு இது, "கிட்னி" என்ற சொல்லே குடும்பத்தை உலுக்கிவிடும். அது புரிந்துகொள்ளக்கூடியது.

ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அப்பாவின் வலி படி ஏறினால் மட்டும் வந்து, நின்றால் போகிறது. அது நிலையான வகை. இதில்தான் 2020-இல் வந்த இஸ்கீமியா ஆய்வு உதவுகிறது. 5,179 பேர், எல்லோருக்கும் பரிசோதனையில் இதயத்துக்கு இரத்தம் போதாது என்று தெரிந்திருந்தது. பாதிப் பேருக்கு அஞ்சியோகிராம் செய்து தேவைப்பட்டால் ஸ்டென்ட் அல்லது பைபாஸ், மீதிப் பேருக்கு முதலில் மருந்து மட்டும், வலி கட்டுப்படாவிட்டால் அஞ்சியோகிராம். ஐந்து வருடத்தில் மாரடைப்பு, இதய மரணம் முதலியவை முதல் வழியில் 16.4, மருந்து வழியில் 18.2 சதவீதம், உறுதியான வித்தியாசம் என்று சொல்ல முடியாத இடைவெளி. நெஞ்சு வலி அடிக்கடி வந்தவர்களுக்கு முதல் வழியில் வலி நன்றாகக் குறைந்தது. அதாவது நிலையான வலிக்காரருக்கு அஞ்சியோகிராமின் நிச்சயமான லாபம் வலி குறைவது, ஆயுள் கூடுவது அல்ல.

இதைப் படித்துவிட்டு "அப்போ வேண்டாம்" என்று தொலைபேசியை எடுக்காதீர்கள். அந்த ஆய்வில் சேர்க்காமல் விட்டவர்களும் முக்கியம்: இடது பிரதான குழாயில் அடைப்பு உள்ளவர்கள், இதயத்தின் பம்பிங் 35 சதவீதத்துக்குக் கீழே விழுந்தவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள். அப்பா அந்தக் கூட்டத்தில் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? டொக்டருக்கு ஒருவேளை சந்தேகம் இருக்கலாம். அதனால் இப்படிக் கேளுங்கள்: ட்ரெட்மில்லில் மாற்றம் எத்தனையாவது நிமிடத்தில் வந்தது, அப்போது பிரஷர் விழுந்ததா, எக்கோ என்ற இதய ஸ்கேனில் பம்பிங் எவ்வளவு, மருந்தைக் கூட்டி ஒரு மாதம் பார்க்கலாமா? முதல் கட்டத்திலேயே மாற்றம் வந்திருந்தால், பிரஷரும் விழுந்திருந்தால் நான் அவர் பக்கம்தான், செய்துவிடுங்கள். கடைசிக் கட்டத்தில் லேசாக வந்திருந்தால் கொஞ்சம் பொறுக்க இடமிருக்கிறது. சானல் பண்ணிப் போனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள், ட்ரெட்மில் ரிப்போர்ட்டையும் எக்கோ ரிப்போர்ட்டையும் கையிலேயே வைத்திருங்கள், கோப்பைத் தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும்.

கையெழுத்துப் போடும் தாளில் மரணம், பக்கவாதம், மாரடைப்பு என்று வரிசையாக இருப்பதைப் பார்த்து அம்மா கலங்குவார். 1991-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்கப் பதிவில், கிட்டத்தட்ட 60,000 பேரில் அஞ்சியோகிராமின்போது இறந்தவர்கள் 1,000-க்கு ஒருவர் அளவு, பக்கவாதம் அதைவிடக் குறைவு. அது தொடை வழியாகச் செய்த காலம், கருவிகளும் பழையவை. அந்த எண்ணில் மாரடைப்போடு வந்தவர்களும் அடங்குவர், படியேறி வந்து படுத்தவர்களும் அடங்குவர்.

செய்வதென்று முடிவானால் எதைக் கேட்க வேண்டும்? முதலாவது, டையின் அளவு. ஈ.ஜி.எஃப்.ஆரின் இரண்டு மடங்கைத் தாண்டினால் ஆபத்து கூடத் தொடங்குகிறது, மூன்று மடங்குக்கு மேல் நன்றாகக் கூடுகிறது. அப்பாவின் 47-க்கு 100 மில்லிலீட்டருக்குள் முடித்தால் நல்லது, 140-ஐத் தாண்டக் கூடாது. வெறும் படம் எடுப்பதற்கு அவ்வளவு தேவைப்படாது. எக்கோ ஏற்கெனவே இருந்தால் இடது இதய அறைக்குள் டை அடித்துப் பார்க்கத் தேவையில்லை, அங்கே ஒரு முப்பது மில்லிலீட்டர் மிச்சம். ஸ்டென்ட் வைக்க வேண்டியிருந்தால், அவசரமில்லாத நிலையில் அதை இன்னொரு நாளுக்குத் தள்ளலாமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அப்பா மேசையில் படுத்திருக்கும்போது வெளியே வந்து "வைத்துவிடவா?" என்று கேட்டால் யாருக்கும் யோசிக்க வராது.

இரண்டாவது, மணிக்கட்டு வழியா தொடை வழியா. 2015-இல் 8,404 பேரை வைத்துச் செய்த மேட்ரிக்ஸ் ஆய்வில் மணிக்கட்டு வழியில் பெரிய இரத்தப்போக்கும் மரணமும் குறைந்தன, சிறுநீரகப் பாதிப்பும் 17.4-இலிருந்து 15.4 சதவீதத்துக்கு இறங்கியது. அவர்கள் மாரடைப்போடு வந்தவர்கள், எண்கள் அப்பாவுக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் திசை அதுதான். ஒரே ஒரு விதிவிலக்கு: எதிர்காலத்தில் டயலிசிஸ் தேவைப்படக்கூடிய அளவு சிறுநீரகம் குறைந்தவர்களுக்கு, கையில் ஃபிஸ்டுலா (டயலிசிஸ் ஊசி போட நாடியையும் நாளத்தையும் சேர்க்கும் இணைப்பு) செய்ய அந்த நாடியைக் காப்பாற்றி வைக்கச் சிறுநீரக டொக்டர்கள் விரும்புவார்கள். 47-இல் அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை சின்ன வேலைகள், ஆனால் என்.ஏ.சி.யைவிட இவற்றுக்குத்தான் பெறுமதி. முழங்கால் வலிக்கு அப்பா டைக்ளோஃபெனக் போடுகிறாரா? பல வீடுகளில் மருந்துப் பெட்டியின் அடியில் அது கிடக்கும், டொக்டரிடம் சொல்ல மாட்டார்கள். அதை இப்போதே நிறுத்துங்கள். சீனி குறையும் என்று காமரங்காச் சாறு குடிக்கிறாரா? அதிலுள்ள ஒக்சலேட் சிறுநீரகத்தைத் திடீரென்று முடக்கியதை இலங்கை டொக்டர்களே பதிவு செய்திருக்கிறார்கள். டைக்குப் பயப்படும் வீட்டில் ஒரு கிண்ணம் காமரங்காச் சாறு பயமில்லாமல் உள்ளே போவதைப் பார்த்தால் எனக்கு வரும் கோபம் சொல்லி முடியாது. அப்புறம் பட்டினி. நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல், காலையில் சிறுநீர் போகும் குளிசையும் விழுங்கிவிட்டு, கொழும்பு வெயிலில் வந்து காத்திருந்து, முறை பிற்பகல் இரண்டு மணிக்குத் தள்ளிப் போனால் சிறுநீரகம் வாடத்தான் செய்யும். அவுஸ்திரேலியாவில் 2024-இல் 716 பேரை வைத்துப் பார்த்ததில், பட்டினி போடாதவர்களுக்குக் கெடுதல் கூடவில்லை. அதற்காக வைத்தியசாலையின் விதியை நீங்களாக மீற வேண்டாம். தண்ணீர் எத்தனை மணி வரை குடிக்கலாம், அன்றைக்குச் சிறுநீர்க் குளிசையும் பிரஷர் குளிசையும் எடுக்க வேண்டுமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

மெட்ஃபோமின் எடுப்பவர் என்றால், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து அல்ல. சிறுநீரகம் திடீரென்று சுணங்கினால் அது உடம்பில் தேங்கி அமிலத்தைக் கூட்டலாம் என்பதுதான் பயம். நாடி வழியாக டை ஏற்றும்போது அன்றைக்கு நிறுத்தி, 48 மணி கழித்துக் கிரியேட்டினின் பார்த்துவிட்டு மீண்டும் தொடங்குவது அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் 2016 அறிவுறுத்தல். இடையில் சீனி ஏறினால் என்ன செய்வது என்றும் கேட்டு வையுங்கள். அஸ்பிரின், குளோப்பிடோக்ரெல் போன்றவற்றை மட்டும் யாரும் சொல்லாமல் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நம் ஊரில் அதிகம் தவறிப்போவது இதற்குப் பிறகு வரும் படிதான். காலையில் செய்து மாலையிலோ மறுநாளோ டயக்னோசிஸ் கார்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் கிரியேட்டினின் ஏறத் தொடங்குவது வீட்டுக்கு வந்த பிறகு, உச்சத்துக்குப் போவது மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். ஆகவே மூன்றாம் நாள் காலையில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பாருங்கள். செய்வதற்கு முந்தின வாரம் எந்த லாபில் பார்த்தீர்களோ அதே லாபில் பாருங்கள், இரண்டு லாப் இரண்டு எண் தந்தால் தலைவலிதான். 1.6 என்பது 1.8 ஆனால் பதற வேண்டாம், ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். 2-ஐத் தாண்டினாலோ சிறுநீர் குறைந்தாலோ கால் வீங்கினாலோ அன்றே டொக்டரிடம் போங்கள். மூன்றாம் நாள் ரிப்போர்ட்டைப் பார்க்கும் வரை மெட்ஃபோமினைத் தொடங்க வேண்டாம்.

முடிவெடுக்க நாலு நாள் எடுத்தாலும் பரவாயில்லை, அப்பாவின் வலி இப்போது உள்ள மாதிரியே இருக்கும் வரை. ஓய்வாக இருக்கும்போதே வந்தால், பதினைந்து நிமிடத்துக்கு மேல் நின்றால், வியர்த்துக் கொட்டினால், இதுவரை எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு 1990-க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.